வாயால் விற்ற மெஷின்

வருஷத்துக்கு ஒரு நாள், விற்கப்போகாத பொருள்களுக்கெல்லாம் நாங்கள் விலை சொல்லுவோம். ஷாபான் மாதத்தில், நோன்புக்கு முன்னால் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது நடக்கும். அம்பத்தூர் எஸ்டேட்டின் பின்பக்கம், கொரட்டூர் ஏரியைப் பார்த்த சந்தில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஷெட். உள்ளே இரும்புத் தகட்டை அடித்து உருவாக்குகிற ஒரு பெரிய பவர் பிரஸ், தகடு வெட்டுகிற மெஷின் ஒன்று, மூலையில் அச்சு டைகள், சுவரோரம் தகடு அடுக்கு. அன்றைக்குப் பிரஸ் ஓடாது. பங்குக்காரர்கள் வந்து, கவிழ்த்துப் போட்ட டிரம்களின் மேலும் தகடு கட்டி வந்த மரச்சட்டங்களின் மேலும் உட்காருவோம். மண்ணடியிலிருந்து பழைய மெஷின் வியாபாரி ஒருவர் வருவார். இன்றைக்கு இதை விற்றால் என்ன கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவார். அந்தத் தொகையைக் கூட்டி, கையிருப்பைச் சேர்த்து, தகடு வாங்கிய கடனைக் கழித்தால், நாங்கள் போட்ட முதலுக்கு மேல் எவ்வளவு நிற்கிறதோ அதுதான் அந்த வருஷத்து லாபம்.

இதற்கு எங்களுக்குள் இருந்த பெயர் ‘வாயால விக்கறது’.

வட்டி எங்களுக்கு ஹராம். பேங்கில் பணம் போட்டால் வட்டி வரும், கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும். அதனால் எங்கள் தெருவில் பணம் சேர்ந்தால் அது பீரோவில் துணிக்கு அடியில்தான் கிடக்கும். என் மனைவியின் அண்ணன் எஸ்டேட்டில் ஒரு பிரஸ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தான். பாலிடெக்னிக் படித்தவன். அந்தக் கம்பெனியை மூடியபோது அங்கிருந்த பிரஸ் விலைக்கு வந்தது. ஐயாயிரம் ரூபாய் ஒரு பங்கு, பன்னிரண்டு பங்கு என்று பள்ளிவாசலில் வைத்துப் பேசினான். பணம் எங்களுடையது, உழைப்பு அவனுடையது. லாபம் வந்தால் பாதி அவனுக்கு, பாதி எங்களுக்குப் பங்குப்படி. நஷ்டம் வந்தால் அது எங்கள் முதலில் போகும், அவனுக்கு அவன் உழைப்பு போகும். இந்த மாதிரிக் கூட்டுக்கு முளாரபா என்று பெயர், மார்க்கம் அனுமதித்ததுதான் என்று பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்தும் சொன்னார். நான் இரண்டு பங்கு போட்டேன். மனைவியின் வளையல்களும், மீன்பாடி வண்டி மிதித்து நான் சேர்த்ததும் சேர்ந்து பத்தாயிரம்.

ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவரும் ஒரு பங்கு போட்டார். இந்து. குவார்ட்டர்ஸில் குடியிருந்தவர். அவர் வீட்டுச் சாமான்களை நான்தான் வண்டியில் ஏற்றிப் போயிருந்தேன். எல்லோரையும் நைனா என்று கூப்பிடுவார், அதனால் நாங்களும் அவரை நைனா என்றே கூப்பிட்டோம். வட்டி வாங்க அவருக்குத் தடை எதுவும் இல்லை. லாபம் கூட வரும் என்று கேள்விப்பட்டு வந்தவர்.

என் மைத்துனனை எனக்கு முதலிலிருந்தே பிடிக்காது. இதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் கிடையாது, பேசினாலும் சத்தம் வராது. நாலு பேர் இருக்கும் இடமாகப் பார்த்துத்தான் அவன் என்னை இழுப்பான். விலை போடுகிற நாளில் எல்லோரும் கணக்கைச் சுற்றி நிற்கும்போது, “மாப்ளைக்கு எதுக்குக் கணக்கு, அஞ்சாங்கிளாஸுக்கு பிரியாணி போதும்” என்பான். நான் அஞ்சாவதோடு படிப்பை நிறுத்தியவன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அப்படிச் சிரித்ததுதான் எனக்கு அவன்மேல் இருந்த வெறுப்பில் பாதி.

முதல் இரண்டு வருஷம் லாபம் என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. பிறகு எஸ்டேட்டில் வேலை பெருகியது. பக்கத்துப் பெரிய கம்பெனிகளுக்கு வாஷரும் கிளாம்பும் அடித்துத் தள்ளினார்கள். எல்லோருக்கும் பிரஸ் வேண்டியிருந்தது, பழைய மெஷினின் விலை ஏறியது. நாற்பதாயிரத்துக்கு வாங்கிய பிரஸ்ஸுக்கு மண்ணடி வியாபாரி ஐம்பது சொன்னார், அடுத்த வருஷம் அறுபத்தைந்து சொன்னார், அதற்கடுத்து எண்பது சொன்னார். பிரஸ்ஸின் பெரிய சக்கரம், அந்த ஃப்ளைவீல்மேல் உள்ளங்கையை வைத்து, கூரையைப் பார்த்துக்கொண்டே சொல்லுவார், நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி. விலை ஏற ஏற எங்கள் லாபம் ஏறியது. மைத்துனன் பாதி எடுத்துக்கொண்டான். எங்களுக்கு நோன்பு முடிகிற வாரத்தில் கவரில் போட்டுக் கொடுத்தான். நைனா அதற்குப் பெருநாள் போனஸ் என்று பெயர் வைத்தார். பிள்ளைகளுக்குத் துணி எடுத்தோம். அவன் ஸ்கூட்டர் வாங்கினான், அடுத்த வருஷம் கலர் டிவி வாங்கினான்.

இதில் ஒரு கோணல் இருந்தது. அப்போது எவனும் அதைப் பார்க்கவில்லை. பார்க்க யாருக்கும் மனமில்லை. மெஷின் விலை ஏறியதால் வந்த லாபம் இரும்புக்குள் இருக்கிறது. மெஷினை விற்றால்தான் அது ரூபாயாகும். நாங்கள் விற்கவில்லை. ஆனால் கவரில் வந்தது நிஜ ரூபாய். அது எங்கிருந்து வந்தது? தகடு வாங்க வைத்திருந்த பணத்திலிருந்து வந்தது. அது தீர்ந்ததும் தகட்டைக் கடனுக்கு வாங்கினான். ஷெட்டின் சுவரோரம் தகடு அடுக்கு குறைந்துகொண்டே வந்தது. நான்தான் தகடு ஏற்றி வருகிறவன், நடைகள் குறைந்தது எனக்குத் தெரியும். வேறு வண்டிக்காரனை வைத்துக்கொண்டான் போலிருக்கிறது என்று நினைத்து, அதற்கும் சேர்த்து அவன்மேல் எரிந்துகொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில், நாங்கள் குடியிருந்த வீட்டை விற்கப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். ஓடு போட்ட இரண்டு அறை, பின்னால் ஒரு கிணறு. மகன் முகப்பேரில் வீட்டுவசதி வாரிய ஃப்ளாட் வாங்கிவிட்டான், நாங்கள் அவனோடு போகிறோம் என்றார். வாங்க ஆள் இருந்தது. இருந்தாலும் இத்தனை வருஷம் வாடகை நிற்காமல் கொடுத்தவன் என்று என்னிடம் முதலில் கேட்டார். பெருநாளுக்குள் பத்தாயிரம் முன்பணம் கொடுத்தால், மீதியை மாதாமாதம் வட்டி இல்லாமல் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அப்படி ஒரு பேச்சு எனக்கு இன்னொரு முறை யாரும் பேசப்போவதில்லை. இல்லையென்றால் திருமழிசைப் பக்கம் எங்காவது போய், காலையில் அங்கிருந்து வண்டியை மிதித்து வர வேண்டும்.

பங்கைத் திரும்பக் கேட்பது என்று மனைவி முடிவு செய்தாள். நான் கேட்கப் போனேன். மைத்துனன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான்.

“இன்னா மாப்ள, இது பேங்க்கா? வந்து நின்னா எடுத்து நீட்றதுக்கு?”

வீட்டு விஷயத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, ஷாபானில் விலை போடுவோம் அல்லவா, அந்த விலைக்கு உன் பங்கை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றான். நான் சரி என்று சொல்லி வந்துவிட்டேன். போன வருஷ விலைப்படி ஒரு பங்கு முழுசாக ஐயாயிரம் நின்றது. எனக்குப் பத்தாயிரம் வரும். விலை ஏறினால் கூடவே வரும். வீடு வந்துவிட்டது என்றே நினைத்தோம். கிணற்றைச் சுற்றி சிமெண்ட் போட வேண்டும் என்று மனைவி பேசத் தொடங்கிவிட்டாள்.

விலை போடுகிற நாளுக்கு எப்போதும் எங்கள் வீட்டில்தான் பிரியாணி. தேக்சாவை என் வண்டியில் ஏற்றி ஷெட்டுக்குக் கொண்டுபோவேன். அந்த வருஷம் மனைவியும் தேக்சாவைப் பிடித்துக்கொண்டு வண்டியில் வந்தாள், பரிமாற ஆள் போதாது என்று. நாங்கள் போன நேரத்தில் மைத்துனனின் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்னால் மண்ணடி வியாபாரி உட்கார்ந்திருந்தார். அத்தனை வருஷமும் அவர் பஸ்ஸில் வந்து, ஸ்டாப்பிங்கிலிருந்து நடந்து வருகிறவர்.

கூடியிருந்தவர்களில் ஹஜ்ரத்தும் ஒருவர். முதலில் இந்தக் கூட்டுக்குச் சரி சொன்னவர் இல்லை இவர், புதிதாக வந்தவர், எங்களைவிட வயதில் சின்னவர். ஏழைகளுக்குக் கொடுக்கும் ஜகாத்துக்குக் கணக்கு சொல்வதற்காக அழைத்திருந்தார்கள். ஒரு மரச்சட்டத்தின் நுனியில், எழுந்து போக வசதியாக உட்கார்ந்திருந்தார்.

வியாபாரி ஃப்ளைவீல்மேல் கையை வைத்தார். கூரையைப் பார்த்தார்.

“அம்பது” என்றார்.

நைனாதான் கேட்டார், போன வருசம் எம்பதுன்னீங்களே பாய் என்று. அது போன வருஷம், இப்போது பேரிங் சத்தம் போடுகிறது என்றார் வியாபாரி.

“ஓடாத மெஷின்ல சத்தம் உங்க காதுக்கு மட்டும் எப்டி நைனா கேக்குது?” என்றார் நைனா.

சிரித்தார்கள். மைத்துனன் சிரிக்கவில்லை. கூட்டிக் கழித்துப் பார்த்தான். தகட்டுக்கடன் மட்டுமே இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் இருந்தது. எல்லாம் போக முப்பதாயிரம் நின்றது. நாங்கள் போட்டது அறுபதாயிரம். ஒரு பங்கின் விலை இரண்டாயிரத்து ஐந்நூறு.

சத்தம் எழுந்தது. அவன் கையைக் காட்டி அடக்கினான். இந்த வருஷம் லாபம் கிடையாது, ஆனால் பெருநாளைக்கு வழக்கமாகக் கொடுப்பதைக் கொடுத்துவிடுகிறேன், அது என் பொறுப்பு, நீங்கள் யாரும் கவலைப்பட வேண்டாம் என்றான். சத்தம் அப்படியே அடங்கியது. லாபம் இல்லாத வருஷத்தில் லாபம் எங்கிருந்து வரும் என்று ஒருவன்கூடக் கேட்கவில்லை. பள்ளிவாசலில் வட்டியைப் பற்றிப் பயான் கேட்டு உச்சுக்கொட்டுகிறவர்கள்தான் அவ்வளவு பேரும். நஷ்டத்திலும் குறையாமல் வருகிற பணத்துக்கு வேறு என்ன பெயர் இருக்கிறது? அவர்களுக்குக் கவர் வந்தால் போதும்.

“மாப்ள கெளம்பறாரு. பேசினபடி இன்னிக்கி விலைக்கு நானே எடுத்துக்கறேன். அவருக்கு அஞ்சாயிரம்” என்றான்.

பக்கத்தில் இருந்தவன் என் தொடையில் தட்டி, விடு பாய், நஷ்டம்னா எல்லாருக்கும்தான் என்றான். அவன் எதையும் விட்டுக்கொடுத்துப் போகவில்லை. போகிறவன் நான் ஒருவன்தான்.

தேக்சாவின் மூடியைத் திறந்த மனைவி, திரும்ப மூடினாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நடுவில் வந்து நின்றாள்.

“அண்ணே. போன வருஷம் எம்பதுன்னு சொல்லி லாபம் பிரிச்ச. பாதிய நீ எடுத்துகின. இன்னிக்கி அதே மெஷின் அம்பதுன்னா, அன்னிக்கி நீ எடுத்தது இன்னா? அத மொதல்ல வச்சிட்டு, அப்புறம் எங்களுக்கு எண்ணு.”

“பொம்பள பேசற எடமா இது? போய் பிரியாணிய போடு.”

“போடறேன். போன வருஷ வெலைக்குப் போடட்டா, இந்த வருஷ வெலைக்குப் போடட்டா?”

அவன் முகம் கறுத்தது. ஒவ்வொரு வருஷமும் தனித்தனிக் கணக்கு, முடிந்த வருஷம் முடிந்ததுதான், ஊர் உலகத்தில் எல்லாக் கம்பெனியும் அப்படித்தான் நடக்கிறது, வேண்டுமானால் ஹஜ்ரத்தைக் கேளுங்கள் என்றான். அவன் செய்த தப்பு அதுதான். ஹஜ்ரத் தன் பக்கம்தான் பேசுவார் என்று நினைத்துவிட்டான். போன மாதம்தான் பள்ளிவாசலுக்கு ஃபேன் வாங்கிக் கொடுத்திருந்தான்.

ஹஜ்ரத் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார். ஆரம்பித்த நாளிலிருந்து ஒரு தடவையாவது எல்லாவற்றையும் விற்று, முதலைத் தனியாக எடுத்துவைத்து, பிறகு புதிதாகத் தொடங்கினீர்களா? இல்லை என்றார்கள். அப்படியானால் ஆரம்பித்த நாளிலிருந்து இன்றுவரை ஒரே கணக்குத்தான் என்றார். முதல் முழுசாக நின்றால்தான் அதற்கு மேல் உள்ளது லாபம். நடுவில் லாபம் என்று பிரித்ததெல்லாம் முன்கூட்டிக் கொடுத்துவைத்தது. பின்னால் முதல் குறைந்தால், அதை வைத்து முதலை நிரப்ப வேண்டும். உழைத்தவர் எடுத்த பாதியைத் திரும்ப வைக்க வேண்டும்.

“அப்போ நாங்க வாங்கினது?” என்று யாரோ கேட்டார்கள்.

“அது லாபமில்ல. உங்க முதல்தான் உங்ககிட்ட வந்திருக்கு.”

எனக்கு அந்த நேரத்தில் அவருடைய குரல்கூடப் பிடிக்கவில்லை. பிள்ளைகளின் பெருநாள் துணி, மனைவியின் புடவை, கலியாண வீடுகளுக்கு வைத்த மொய், எல்லாம் எங்கள் வளையல் பணத்தைக் கிள்ளிக் கிள்ளி எங்களுக்கே கொடுத்தது. அதற்கு ஒவ்வொரு வருஷமும் அவனுக்கு நன்றி வேறு சொல்லியிருக்கிறேன்.

நைனா டிரம்மிலிருந்து எழுந்துவிட்டார். “அப்போ இத்தினி வருசமா என் துட்ட எனக்கே குடுத்து, கூலியா பாதிய நீ எட்த்துகின. நானே என் பாக்கெட்ல கைய உட்டு எட்த்திருந்தா முழுசா இருந்திருக்குமே, நைனா.”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொருவனும் மனசுக்குள் தன் பங்கைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஐம்பது என்ற விலை நின்றால், மைத்துனன் இத்தனை வருஷம் எடுத்ததையெல்லாம் திரும்ப வைக்க வேண்டும். அது அவனுக்கும் புரிந்துவிட்டது. மண்ணடி வியாபாரியைப் பார்த்தான். அவர் மறுபடி ஃப்ளைவீல் பக்கம் போய்க் கையை வைத்து, பேரிங் மாற்றிவிட்டால் எண்பது தாராளமாகப் போகும் என்றார். இதை நான் கண்ணால் பார்த்தேன். பத்து நிமிஷத்துக்குள் முப்பதாயிரம் ஏறியது அந்த மெஷின்.

எண்பது என்றால் என் பங்கு பத்தாயிரம். மனைவி கையை நீட்டினாள். அப்போதுதான் அவன் அதைச் சொன்னான். பணம் இல்லை. கையிருப்பில் தகட்டுக்காரனுக்குக் கொடுக்கவே போதாது. எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது, மெஷினை அறுத்தா கொடுப்பது என்று கேட்டான். வேறு யாராவது இவர் பங்கை எடுத்துக்கொள்கிறீர்களா என்று ஹஜ்ரத் கேட்டார். எண்பது விலைக்கு எல்லோரும் தலையாட்டினார்கள், அந்த விலைக்கு வாங்க ஒருவரும் இல்லை. உடனே பேச்சு என் பக்கம் திரும்பியது. ஒரு வருஷம் பொறு, அவசரப்படாதே, ஒருத்தர் வீட்டுக்காக ஒன்பது குடும்பம் கெடுவதா, வாடகைக்கு வேறு வீடா கிடைக்காது என்றார்கள். கொஞ்ச நேரம் முன்னால் அவனைத் தின்றுவிடுவதுபோல் பார்த்தவர்கள், இப்போது அவனோடு சேர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

“வித்துடுங்க” என்றேன்.

“இன்னா?” என்றான் மைத்துனன். நிஜமாகவே அவனுக்குக் கேட்கவில்லை.

“மெஷின வித்துடுங்க. வாயால வேணாம்.”

அன்றைக்கு நான் பேசியது அவ்வளவுதான். கூட்டிலிருந்து ஒருவன் விலகி, விலையில் ஒத்துவராவிட்டால் விற்றுப் பார்க்கச் சொல்ல அவனுக்கு உரிமை உண்டா என்று ஹஜ்ரத்தைக் கேட்டார்கள். உண்டு என்று சொல்லிவிட்டு, அஸர் தொழுகைக்கு நேரமாயிற்று என்று அவர் எழுந்தார். தேக்சாவை அப்படியே வண்டியில் திரும்ப ஏற்றினோம். யாருக்கும் ஒரு பிடி போடவில்லை. ஏரிப் பக்கம் கட்டட வேலை செய்கிறவர்கள் குடிசை போட்டிருந்தார்கள். அங்கே நிறுத்தி மனைவி அத்தனையையும் பரிமாறினாள். திரும்பி வரும்போது காலித் தேக்சா வண்டியில் உருண்டுகொண்டே வந்தது, அவள் பிடிக்கவில்லை.

நோன்பு பாதி ஆவதற்குள் பிரஸ் விற்றது. திருவள்ளூர் பக்கத்திலிருந்து வந்தவன் எழுபத்தைந்தாயிரத்துக்கு எடுத்தான். பேரிங்கைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஓடவிட்டுப் பார்த்துவிட்டு, அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனான். மற்றதையும் விற்று, தகட்டுக்காரன் கடனை அடைத்தபின் ஐம்பத்தைந்தாயிரம் நின்றது. முதலில் ஐயாயிரம் குறைந்தது. அந்த ஐயாயிரத்தை மைத்துனன் தான் எடுத்ததிலிருந்து வைக்க வேண்டும். ஸ்கூட்டரை விற்றால் வந்துவிடும். அவன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பள்ளிவாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தான். நோன்பு நேரம், ஒருவரையொருவர் மன்னித்து ஹலால் ஆக்கிக்கொள்ளுங்கள் என்றார் ஹஜ்ரத். ஒவ்வொருவராக மன்னித்தேன் என்றார்கள். நைனாகூட, நானும்தான் என்றார். எனக்கு முறை வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வழக்கமாகப் பேசாதவன்தானே என்று எண்ணி, அதையும் சம்மதமாக எடுத்துக்கொண்டு துவாவுக்குக் கையைத் தூக்கிவிட்டார்கள்.

நான் மன்னிக்கவில்லை. என் பங்குக்கு எண்ணூற்றுச் சொச்சம் அவன் தர வேண்டும். இன்றைக்கு அது பெரிய பணமில்லை, எனக்குத் தேவையும் இல்லை. ஆனால் அது அவனிடம் நிற்கிறது.

குறைந்த எண்ணூறை அடுத்த மாதம் வாங்கிக்கொள்வதாக வீட்டுக்காரர் ஒத்துக்கொண்டார். பெருநாளுக்கு முந்தின நாள் கைக்கு வந்த ஒன்பதாயிரத்துச் சொச்சத்தைக் கொடுத்தேன். வீடு எங்களுடையதாயிற்று. மாதாமாதம் கட்டி முடித்து, கிணற்றைச் சுற்றி சிமெண்டும் போட்டோம். அந்தப் பெருநாளைக்கு எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கவர் வரவில்லை. என் பிள்ளைகள் மட்டும்தான் பழைய துணி போட்டார்கள் என்று சொல்ல முடியாது, எல்லாப் பிள்ளைகளும் பழையதுதான். அதற்குக் காரணம் நான் என்று ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டுக்குப் பெருநாள் வாழ்த்துச் சொல்ல ஒரு பிள்ளையும் வரவில்லை.

மைத்துனன் திருவள்ளூருக்கு, மெஷினை வாங்கினவனிடமே சம்பளத்துக்குப் போய்விட்டான். அதே பிரஸ். தங்கச்சி புருஷன் ஓடுகிற கம்பெனியை அறுத்து வீடு கட்டிக்கொண்டான் என்று அங்கிருந்தே எல்லோருக்கும் சொல்லி அனுப்பினான். அவன் மகள் கலியாணத்துக்கு என் மனைவியைக் கூப்பிடவில்லை. அவள் அழவில்லை. கலியாணத்தன்று காலையில், ஊறவைத்த துணி எதுவும் இல்லாத நாளில், வீட்டிலிருந்த சுத்தமான துணிகளையெல்லாம் எடுத்து அடித்துத் துவைத்தாள்.

மற்றவர்களுக்கு முதல் கைக்கு வந்தது, போட இடமில்லை. நல்ல கூட்டு நடத்துகிற ஆள் எவனும் அகப்படவில்லை. பீரோவில் எத்தனை நாள் வைப்பார்கள்? தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு ஃபைனான்ஸ் கம்பெனி வந்தது, மாதம் இவ்வளவு என்று எழுதியே போட்டார்கள். அது வட்டி இல்லை, லாபத்தை முன்கூட்டியே சொல்வது என்று தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொண்டு நாலைந்து பேர் கொண்டுபோய்க் கொட்டினார்கள். நைனாவும் போட்டார். ஒரு நாள் காலையில் அந்தக் கம்பெனியின் ஷட்டர் திறக்கவில்லை. அன்று மாலை நைனா ஆவடியிலிருந்து சைக்கிளில் வந்து என் வாசலில் நின்றார். உள்ளே கூப்பிட்டேன், வரவில்லை.

“அந்த மெஷின் இருந்திருந்தா இன்னிக்கி அதுக்கு இன்னா வெல தெரியுமா உனக்கு?” என்றார்.

தெரியாது என்றேன். வீட்டைச் சுவர் சுவராக ஒரு தடவை பார்த்தார். “உனக்கு இன்னா, நீ எட்த்துகின” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மெஷினுக்கு இன்றைக்கு ஒரு லட்சம் என்று மண்ணடிக்காரர் சொல்லியிருப்பார். அதற்கும் பாதியை அவன் எடுத்திருப்பான். இவர்களும் கவரை வாங்கிக்கொண்டு வந்திருப்பார்கள், தகட்டுக்காரன் வந்து ஷெட்டைப் பூட்டுகிற நாள்வரை. இதை நான் அவர்கள் யாரிடமும் சொன்னதில்லை. கேட்கிற முகம் ஒன்றுகூட இல்லை.

பள்ளிவாசலில் வரிசையில் இடைவெளி விடக்கூடாது, தோளோடு தோள் ஒட்டித்தான் நிற்க வேண்டும். அதனால் என் பக்கத்திலும் நிற்கிறார்கள். வாசலில் சலாம் சொன்னால் பதிலை முணுமுணுத்துவிட்டுப் போகிறார்கள், அதுவும் கடமை என்பதால். ஒரு வெள்ளிக்கிழமை தாமதமாகப் போய்க் கடைசி வரிசையில் நின்றேன். வலது பக்கம் வந்து நின்றவன் மைத்துனன். தலை நரைத்துவிட்டது. யாரோ உறவுக்காரர் மௌத்தாகிவிட, அடக்கத்துக்கு வந்திருக்கிறான். இருவருக்கும் வேறு இடமில்லை. அவன் தோள் என் தோளில் பட்டது, தொழுகை முடிகிறவரை பட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் எல்லோரும் வலது பக்கம் திரும்பி சலாம் சொன்னபோது நான் அவன் பிடரியைப் பார்த்தேன். இடது பக்கம் திரும்பியபோது அவன் என் பிடரியைப் பார்த்திருப்பான். எல்லோரும் ஒரே பக்கம் திரும்புவதால் பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்க்க வேண்டி வருவதில்லை. நான் எழுந்து செருப்பைத் தேடி வெளியே வந்தேன். அவன் இன்னும் உள்ளேதான் இருந்தான்.